இருபத்திரண்டு சென்ரிமீற்றர்க் கிபீர்

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கிபீர் போர் விமானத்தின் மொடல் கிட் ஒன்றை ஒட்டிக்கொண்டிருக்கிறான். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா கொடுத்த பரிசு. சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, சாம்பல் நிறப் பாகங்களைப் பரப்பி வைத்திருந்தபோது அவனுடைய அம்மம்மா கண்டுவிட்டார். அம்மம்மா 2006ஆம் ஆண்டில் வன்னியில் இருந்தவர். அன்றிரவு அந்த மேசையில் உட்கார மறுத்துவிட்டார். மறுநாள் பையனின் தகப்பன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, நீங்கள் பேப்பரில இருக்கிற ஆள். ஒரு நியாயம் சொல்லுங்கோ. அது வெறும் பிளாஸ்டிக்தானே?"

தொலைபேசியில் நான் சொன்னது அரைகுறை. முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இதே பெட்டி இதே வயதுப் பிள்ளையின் கையில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் உள்ள தமிழ் வீடுகளிலும் இருக்கக்கூடும். அங்கும் அறைக்குள் ஓர் அம்மம்மா இருக்கக்கூடும்.

முதலில் 'வெறும் பிளாஸ்டிக்' என்ற வாதம். இதை வாங்குகிறவர்கள் நம்பலாம். செய்து விற்கும் நிறுவனங்கள் நம்புவதில்லை. ஜேர்மனியில் நாஸிச் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவதைக் குற்றவியல் சட்டம் தடை செய்கிறது. ஆகவே அங்கே விற்பனைக்கு வரும் மெசர்ஸ்மிட் விமானக் கிட்டில், வாலில் ஒட்டவேண்டிய ஸ்வஸ்திகம் சின்னத்தாளில் இருக்காது. சில நிறுவனங்கள் அதை இரு துண்டாக அச்சிட்டு, வேண்டுமானவர் பொருத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றன. பெட்டியின் மேலுள்ள ஓவியத்திலும் வால் வெறுமையாக இருக்கும். சுண்டுவிரல் நகமளவுகூட இல்லாத ஓர் ஒட்டுச்சின்னத்துக்கு இத்தனை எச்சரிக்கை. பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான் என்றால் இந்தப் பயம் எதற்கு?

இன்னோர் உதாரணமும் உண்டு. பிரித்தானியாவின் எயார்பிக்ஸ் நிறுவனத்துக்காக 1964 முதல் பத்தாண்டு காலம் ரோய் குறொஸ் என்ற ஓவியர் வரைந்த பெட்டிப் படங்கள் பிரசித்தமானவை. விமானம் பெட்டியைக் கிழித்துக்கொண்டு நம் முகத்துக்கு வருவதுபோல இருக்கும்; பின்னால் நெருப்பும் புகையும். பிற்காலத்தில், சிறுவர்களுக்கு விற்கும் பொருளில் வன்முறை தெரியலாகாது என்ற எண்ணம் வந்தபோது அதே ஓவியங்களில் வெடிப்புகளையும் விழும் குண்டுகளையும் அழித்துவிட்டு மறுபடியும் அச்சிட்டார்கள். படத்திலிருந்து குண்டு போய்விட்டது. பெட்டிக்குள் குண்டு அப்படியே இருந்தது: இலக்கமிட்ட பாகமாக, இறக்கையின் கீழ் எந்த இடத்தில் ஒட்டவேண்டும் என்ற அம்புக்குறியுடன். எயார்பிக்ஸை 1939இல் தொடங்கிய நிக்கலஸ் கோவ் ஹங்கேரியிலிருந்து வந்த யூத அகதி என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அகதி தொடங்கிய நிறுவனத்தின் பெட்டியிலும் அகதிக்கு இடமில்லை.

எதிர்க்கட்சியும் அந்த வீட்டிலேயே இருக்கிறது. பையனின் தாய்மாமன். "தமிழ்ப்பிள்ளை கிபீர் செய்வதா, தூக்கிக் குப்பையில் போடு" என்பது அவர் தீர்ப்பு. அவருடைய கோபத்தின் வேர் எனக்குத் தெரியும். ஆயினும் அவர் பக்கம் நிற்க என்னால் முடியாது. குப்பையில் போட்டால் பையன் கிபீரைப் பற்றி அறிந்துகொள்ளும் ஒரே வாசலும் அடைபடும். ஒரு பொருளைக் கையிலெடுத்து, இது என்ன, எப்படிப் பறந்தது, எங்கே பறந்தது என்று கேட்கிற வயதில் இருப்பவனிடம் கேள்வியையே பறிப்பது எந்தவகைத் தமிழுணர்வு?

நானும் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தவன்தான். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் இத்தகைய பெட்டிகள் கொழும்புக் கடைகளில் தலைகாட்டின. கிடைத்ததை வாங்கித் தரும் வசதி வீட்டில் இல்லாததால், வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில், என்னிடம் ஒரு ஸ்பிட்பயரும் ஒரு ஹரிக்கேனும் இரண்டு சீரோக்களும் சேர்ந்தன. அவற்றைச் செய்து நான் போர்வெறியன் ஆகிவிடவில்லை. வரைபடம் வாசிக்கவும், பசை காயும்வரை விரலை எடுக்காமல் இருக்கவும் பழகினேன். 1983 ஜூலையில் நான்கும் வீட்டோடு எரிந்தன. அதன்பின் நாங்கள் கொட்டாஞ்சேனைக்கு மாறினோம்; விமானம் ஒட்டும் வயதும் அத்துடன் போயிற்று.

ஆகவே என் வழக்கு மொடல் செய்வோர் மீதானது அன்று. பெட்டி மீதானது.

மொடல் செய்யும் கலை தன் உச்ச அறமாகச் சொல்லிக்கொள்வது துல்லியம். இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களுடன் பேசிப் பாருங்கள். இறக்கையின் ஆணிவரிசை சரியா, சில்லு மறைவின் கதவு எந்தக் கோணத்தில் திறக்கும் என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். 1942இல் சீரோ விமானத்தின் நிறம் தூய சாம்பலா, பழுப்புச் சாயல் கொண்ட சாம்பலா என்ற சர்ச்சை பல பத்தாண்டுகளாக ஓயவில்லை. எனக்கு அந்தச் சர்ச்சை பிடிக்கும். உண்மைக்காக இவ்வளவு மெனக்கெடும் மனிதர்களை எங்கள் தொழிலில்கூட நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் அந்தத் துல்லியம் விமானத்தின் வயிற்றோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கலையின் பழைய பயன் கீழே நின்றவனுக்கானது. பிளாஸ்டிக்கில் முதல் விமானக் கிட்டுகளை பிரித்தானியாவில் 'புறொக்' என்ற நிறுவனம் 1936இல், 1:72 என்ற அளவில் வெளியிட்டது. போர் வந்ததும் அதே அளவில் கறுப்பு மொடல்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. வானத்தில் தெரிவது நம்முடையதா எதிரியினுடையதா என்று காவலரும் பீரங்கிக்காரரும் பார்த்துப் பழக அவை பயன்பட்டன. அமெரிக்கக் கடற்படை 1942இல் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டே இவற்றை மரத்தில் செதுக்குவித்தது. 1:72 மொடலை 35 அடி தொலைவில் தூக்கிப் பிடித்தால், உண்மை விமானம் ஏறத்தாழ அரை மைலில் தெரிவதுபோல இருக்கும். கீழே நிற்பவன் உயிர் பிழைப்பதற்கான கருவி அது. போர் முடிந்தது, மொடல் காட்சி அலுமாரிக்குள் ஏறிக்கொண்டது, அண்ணாந்து பார்த்தவன் காணாமற்போனான்.

கொழும்பையே எடுத்துக்கொள்வோம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. அட்மிரல் நகுமோவின் அணியில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள்: அக்காகி, சோரியூ, ஹிரியூ, ஷோக்காக்கு, சுயிக்காக்கு. ஐந்தும் நான்கு மாதங்களுக்குமுன் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியவை. வான்படையை நடத்தி வந்தவரும் அதே ஃபுச்சிடாதான். ஏறத்தாழ 125 விமானங்கள் நகரின்மேல் வந்தன. இரத்மலானையிலிருந்தும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அவசரமாக அமைத்த ஓடுபாதையிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்தன. திருகோணமலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஆறு சுவோர்ட்பிஷ் விமானங்கள் வழியில் அகப்பட்டு ஆறும் வீழ்ந்தன. துறைமுகத்தில் ஹெக்டர், டெனடொஸ் என்ற இரு கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனைமீதும் குண்டு விழுந்தது. அடுத்த நாட்களில் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டுப் போனார்கள். ஆளில்லாமல் துறைமுக வேலை திணறியது. அந்தப் பந்தயத் திடலில் இப்போது றக்பி ஆடுகிறார்கள். பார்வையாளர் மண்டபம் கடைத்தொகுதியாகிவிட்டது.

அன்று வானத்தில் இருந்த விமான வகைகள் யாவற்றுக்கும் கிட் உண்டு. சீரோவின் உடலில் ஒரு சிவப்புப் பட்டி இருந்தால் அக்காகி, ஒரு நீலப் பட்டி சோரியூ, இரண்டு வெள்ளைப் பட்டி சுயிக்காக்கு என்று சின்னத்தாள் பிசகாமல் சொல்லும். பேர்ல் துறைமுகம் என்ற பெயரோடு எத்தனையோ பெட்டிகள் வந்துவிட்டன. அதே விமானம், அதே பட்டி, நான்கு மாத இடைவெளி. கொழும்பு என்ற பெயர் தாங்கிய பெட்டியை என் கண் இன்றுவரை காணவில்லை. கொட்டாஞ்சேனையில் ஈஸ்டர் ஞாயிறு என்றால் இன்று 2019ஐத்தான் நினைப்பார்கள்; அது இயல்பு. ஆனால் துறைமுகத்தை ஒட்டிய அதே தெருக்களிலிருந்துதான் 1942இலும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு எந்தத் தாளிலும் கிடைப்பதில்லை.

இனி கிபீர். வடக்கில் வளர்ந்தவர்களுக்கு விமானங்கள் காதால் அறிமுகமானவை. ஊர் அவற்றுக்குத் தன் பெயர்களை வைத்தது. சத்தத்தோடு ஊர்ந்துவரும் அவ்ரோ 'சகடை' ஆயிற்று. இத்தாலிய சியாய்மார்செட்டி நம் நாவில் 'சியாமாசெட்டி' ஆகி, ஏதோ புடவைக்கடை முதலாளிபோல ஒலித்தது. ஆளில்லா வேவு விமானம் 'வண்டு'. பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழன் யாழ்ப்பாணத்தவன். வானில் இரைச்சல் கேட்டால் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவான். சில கணம் கேட்டுவிட்டு, "பயணி விமானம்" என்று சொல்லி, விட்ட சொல்லிலிருந்து தொடருவான். மலைநாட்டில் அவனுக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை. காதுக்கு அது தெரியாது. இந்த அறிவை எந்த மொடலும் தன்னுள் கொள்ள முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிளாஸ்டிக்குக்குச் சத்தமில்லை.

பத்திரிகை மேசைக்கு அது எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1996இல் இலங்கை விமானப்படை கிபீரைச் சேர்த்துக்கொண்டபின், பல ஆண்டுகள் என் முன்னால் ஒரே வடிவத்தில் செய்தி வந்து விழுந்தது. முதற்பந்தியில் இலக்கு துல்லியமாகத் தாக்கப்பட்டது என்று படைத்தரப்பு. இரண்டாம் பந்தியில் பொதுமக்கள் இறந்தனர் என்று மற்றத் தரப்பு. தணிக்கை இருந்த காலங்களில் இரண்டாம் பந்தி மெலிந்துபோகும். 'துல்லியம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உள்ளூரக் கசப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2006 ஆகஸ்ட் 14. முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் கிபீர்கள் குண்டு வீசின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மிகப் பெரும்பாலோர் பயிற்சிநெறி ஒன்றுக்காக வந்திருந்த பாடசாலை மாணவிகள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். அங்கே சென்று பார்த்த யுனிசெப், அவர்கள் அயற்பாடசாலைகளின் மாணவிகள் என்றது. இராணுவ நிலைக்கான அடையாளம் எதையும் காணவில்லை என்றது கண்காணிப்புக் குழு.

மொடல் செய்வோரின் கணக்கிலேயே இதைப் போட்டுப் பார்க்கிறேன். கிபீரின் நீளம் 15.65 மீற்றர், 1:72இல் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். 500 இறாத்தல் குண்டு 3 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். ஐந்தடி நான்கங்குல உயரமுள்ள மாணவி 2.26 சென்ரிமீற்றர். குண்டு அவளைவிட உயரம். விமானியின் தலைக்கவசத்துக்கு எந்த நிறம் பூசவேண்டும் என்று கிட்டின் தாள் சொல்லும். 2.26 சென்ரிமீற்றர் உருவம் எந்தப் பெட்டியிலும் வராது. வரவேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. சடலங்களை விளையாட்டுப் பொருளாக்கச் சொல்லும் மூடன் அல்லன் நான்.

இங்கே நிறுத்திவிட்டால் பல வாசகர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். நிறுத்தமாட்டேன். எங்கள் பக்கத்திலும் ஒரு விமானம் இருந்தது. செக் நாட்டில் பயிற்சிக்கும் உல்லாசப் பறப்புக்குமாகச் செய்யப்பட்ட ஸ்லின் 143. விடுதலைப் புலிகள் அதில் குண்டைக் கட்டி 2007 மார்ச் 26 அன்று கட்டுநாயக்கவைத் தாக்கியபோது புலம்பெயர் வீடுகளில் எழுந்த ஆரவாரம் எனக்கு நினைவிருக்கிறது. வான்புலிகளின் படங்கள் நாட்காட்டியாயின. புலம்பெயர்ந்த என் நண்பர் ஒருவரின் வரவேற்பறையில், கண்ணாடிக்குள், மரத்தில் செதுக்கிய ஸ்லின் இன்றும் இருக்கிறது. அவரிடம் கிபீர் கிட்டைப் பற்றிக் கேட்டால் கொதிப்பார்.

கொழும்பில் அந்த விமானத்தின் கீழேயும் தமிழர் இருந்தார்கள். 2007 ஏப்ரல் 28 இரவு, உலகக்கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தை நகரம் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தது. நள்ளிரவுக்குப்பின் மின்சாரம் நின்றது. கொலன்னாவையிலும் முத்துராஜவெலவிலும் எரிபொருள் களஞ்சியங்கள் இலக்கு. இருட்டில் நின்று, வானத்தில் சிவப்புக் கோடாகப் போகும் வெடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளவத்தைத் தமிழனுக்கு இரண்டு பயம்: மேலிருந்து விழுவது ஒன்று, விடிந்ததும் கதவைத் தட்டுவது மற்றது. இரண்டாவது பயம் வீண்போகவில்லை. ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளின் தங்குவிடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அனுப்பப்பட்டார்கள். உயர்நீதிமன்றம் மறுநாளே தடுக்கவேண்டியிருந்தது. 2009 பெப்ரவரி 20 இரவு ஒரு ஸ்லின் கொழும்பின் உள்நாட்டு இறைவரிக் கட்டடத்தில் மோதியது. உயிர்கள் போயின. அந்தக் கட்டடம் நிற்கும் வீதியின் பெயர் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை. இந்த முரணை நாங்கள் எவரும் அப்போது எழுதவில்லை. எழுதக்கூடிய காலமாகவும் அது இருக்கவில்லை.

நண்பரின் மரவிமானத்துக்கும் பையனின் பிளாஸ்டிக் விமானத்துக்கும் குறை ஒன்றேதான். இரண்டும் விமானி பார்த்த உலகம்.

மொடல் நிறுவனங்கள் சரித்திரம் எழுத வந்தவையா என்று கேட்பார்கள். வந்தவைதாம். எந்தக் கிட்டின் தாளையும் விரித்துப் பாருங்கள். முதலில் நிற்பது ஒரு சரித்திரப் பந்தி. முதற்பறப்பு எந்த ஆண்டு, எஞ்சின் எது, வேகம் எவ்வளவு, எந்தெந்த நாடுகள் வாங்கின. எழுதுவதென்று தொடங்கியவர்கள் 'வாங்கின' என்ற வினையோடு பேனாவை மூடிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இது பெரிய நிறுவனத்தையே ஆட்டியது. ஹிரோஷிமாமீது அணுகுண்டு வீசிய எனோலா கே விமானத்தை ஸ்மித்ஸோனியன் காட்சிக்கு வைக்க முனைந்தபோது, குண்டு விழுந்த இடத்தில் நிகழ்ந்ததையும் சேர்த்துக் காட்டத் திட்டமிட்டிருந்தார்கள். முன்னாள் படையினர் சங்கங்களின் எதிர்ப்பால் 1995 ஜனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. விமான அருங்காட்சியகத்தின் பணிப்பாளர் மார்ட்டின் ஹார்விட் அதே ஆண்டு பதவி விலகினார். விமானத்துக்குப் பக்கத்தில் வைக்கும் சில பலகை எழுத்துகளுக்காக இவ்வளவு அமளி நடக்கும் என்றால், அந்த எழுத்து எவ்வளவு முக்கியமானது என்று விளங்கிக்கொள்ளலாம்.

கிபீர் இங்கே இன்னும் பழங்கதை ஆகவுமில்லை. ஐந்து கிபீர்களைப் புதுப்பிக்க 2021இல் அரசாங்கம் இஸ்ரேலிய உற்பத்தியாளருடன் உடன்பாட்டுக்கு வந்தது. பெட்டிகளும் தொடர்ந்து விற்கும்.

ஆகவே அந்தத் தகப்பனுக்கு என் நியாயம் இது: பையன் கிபீரைச் செய்து முடிக்கட்டும். சாப்பாட்டு மேசையில் வேண்டாம். அது அம்மம்மாவின் மேசையும்தான். செய்து முடித்தபின் அவர் பேச விரும்பினால், அவர் சொல்வதை அவன் கேட்டு எழுதட்டும். அவர் பேசாவிட்டால் வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. பெட்டிக்காரர் விட்டுவிட்ட பந்தியை நான் கிட்டுத் தாள்களின் வறண்ட நடையிலேயே எழுதித் தந்திருக்கிறேன். வேண்டியவர்கள் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம்:

"கிபீர் சி2. பிரான்சின் மிராஜ் 5 வடிவமைப்பைத் தழுவி, அமெரிக்க ஜே79 எஞ்சின் பொருத்தி, இஸ்ரேலில் செய்யப்பட்டது. முதற்பறப்பு 1973. இலங்கை விமானப்படையில் 1996 முதல். 10ஆம் இலக்க அணி, கட்டுநாயக்க. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் குண்டுவீச்சுக்குப் பயன்பட்டது. 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் வீசிய குண்டுகளால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் மாணவிகள். இலக்கு பயிற்சி முகாம் என்று அரசாங்கம் கூறியது. யுனிசெப்பும் கண்காணிப்புக் குழுவும் அதற்குச் சான்று காணவில்லை. நிறம்: மேற்புறம் இரு வண்ண உருமறைப்பு, அடிப்புறம் வெளிர் சாம்பல். கீழிருந்தவர்கள் பார்த்தது அடிப்புறத்தை."

இதன் ஆங்கில வடிவத்தை மொடல் நிறுவனங்கள் மூன்றுக்கு அனுப்புகிறேன். தரவில் திருத்தம் இருந்தால் எழுதுங்கள். ஸ்லின் 143க்கான பந்தி பாதி எழுதியாகிவிட்டது. அதன்பின் புக்காரா, 1995 ஜூலை 9, நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயம்.